வளையலை விற்று வாங்கும் கார்

"கார் வாங்கலாமா மௌலவி?" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "காருக்கு என்னுடைய நகையைக் கொடுத்தேன், இப்போது அந்தக் கார் யாருடையது?" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறவர்கள் பெண்கள். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையில் நாலைந்து வருடங்கள் ஓடியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து பேசியிருந்தால் எத்தனையோ வீடுகளில் மனக்கசப்பு வந்தே இருக்காது. அதனால்தான் சகோதரிகளே, எப்போதும் ஆண்கள் கூடும் இடத்தில் பேசப்படும் இந்தக் கார் விஷயத்தை இம்முறை உங்களோடு பேச எண்ணினேன்.

கார் ஆடம்பரம் என்று சொல்லி உங்கள் வாயை அடைக்க நான் வரவில்லை. எங்கள் பாமன்கடையிலிருந்து காலி வீதிக்கு நடக்கும் தூரம்தான். 100, 101 பஸ்கள் ஓயாமல் ஓடுகின்றன. ஆனால் கொட்டும் மழையில் இரண்டு பிள்ளைகளையும் புத்தகப் பைகளையும் சுமந்துகொண்டு நிற்கிற தாய்க்குத்தான் தெரியும், ஒரு முச்சக்கர வண்டி நிற்பதற்குள் எத்தனை வண்டிகள் போகின்றன என்று. வயதான உம்மாவைக் களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் மகளுக்கும் தெரியும். நல்ல வாகனம் அமைவதை மனிதனுக்குக் கிடைக்கும் பாக்கியங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் உண்டு. பெண்கள் ஓட்டலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் மாதம் அந்தத் தடை நீங்கிவிட்டது. நமது நாட்டிலோ அப்படியொரு தடை இருந்ததே இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் தாயைக் குறை சொல்லுகிறவர், தாமே தினமும் விட்டு வரலாமே!

ஆக, வாங்கலாமா என்பதில் எனக்குத் தகராறு இல்லை. எந்தக் கணக்கில் வாங்குகிறோம், யாருடைய பொருளைப் போட்டு வாங்குகிறோம் என்பதில்தான் பேச்சு இருக்கிறது.

சின்னக் கார் வந்த வழி

நடுத்தரக் குடும்பமும் கார் வைத்திருக்கலாம் என்ற ஆசையை நம் பக்கத்து நாடுகளில் விதைத்தது மாருதி 800 என்றால் தவறில்லை. 1983 டிசம்பர் 14ஆம் திகதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அன்றைய விலை ஏறத்தாழ 50,000 இந்திய ரூபாய். ஜப்பானின் சுசுகி கம்பனியின் நுட்பம், மூன்று சிலிண்டர், 796 சீ.சீ. எஞ்சின். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றபோது 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. அந்த ஹர்பால் சிங் 2010இல் காலமாகும் வரை அதே காரைத்தான் வைத்திருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வருடம்! இப்போதெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் மதிப்பில்லை என்று நினைக்கிற நம் வாலிபர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

மாருதி இலங்கைக்கும் ஏராளமாக வந்தது. இன்றைக்கும் கொழும்பு வீதிகளில் பழைய 800ஐக் காணலாம். அதற்குப் பின்னால் ஆல்டோ, பிறகு ஜப்பானிலிருந்து வெகன் ஆர். ஜப்பானியருக்கு இந்தச் சின்னக் கார் விஷயத்தில் தனிச் சட்டமே இருக்கிறது: எஞ்சின் 660 சீ.சீ.க்கு மேல் போகக்கூடாது, நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். இந்த வரம்புக்குள் அடங்கினால் அங்கே சலுகை கிடைக்கும். இங்கேயும் வாகன வரி எஞ்சினின் அளவைப் பார்த்து ஏறுவதால் அந்தக் கார்களுக்கே நம்மவர்களிடம் கிராக்கி.

வரி என்று சொன்னேனே, அதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். டாட்டா நானோ என்ற கார் நினைவிருக்கும். ஒரு குடும்பம் முழுவதும் மழையில் ஸ்கூட்டரில் போவதைக் கண்ட ரத்தன் டாட்டா, அவர்களுக்காக ஒரு கார் செய்ய நினைத்தாராம். 2009இல் இந்தியாவில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு அதை அறிமுகப்படுத்தினார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்கு இரண்டரை இலட்சத்துக்குள். 2011இல் அது கொழும்புக்கு வந்து இறங்கியபோது விலை ஒன்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏழையின் கார் கடலைத் தாண்டியதும் ஏழைக்கு எட்டாமல் போயிற்று.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. பழைய கார் பழசாகப் பழசாக விலை ஏறியது! 2018இல் வாங்கிய விலையை விடக் கூடுதலாக 2022இல் விற்றவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "காரும் தங்கம் மாதிரித்தான், போட்ட காசு எங்கே போகும்?" என்று மனைவியிடம் வளையலைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். தங்கம் துருப்பிடிப்பதில்லை சகோதரிகளே. கார் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் கொஞ்சம் சீக்கிரமாகவே துருப்பிடிக்கும்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறந்துவிட வேண்டாம். கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் அது நீங்கியது. அந்த நாட்களில் பெரிய வண்டிக்காரர் 20 லீட்டரை வைத்துக்கொண்டு தவித்தபோது, சின்னக் கார்க்காரர் வாரம் முழுவதும் ஓடினார்.

"பன்னிரண்டு வீதம்தான்"

இனிக் கணக்குக்கு வருவோம். கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை வீட்டில் நீங்கள் போடுவதே நல்லது. கார் ஆசை தலைக்கேறிய ஆணுக்குக் கூட்டல் மறந்துபோகும்.

ஓர் உதாரணத்துக்கு, பாவித்த சின்னக் கார் ஒன்றின் விலை 30 இலட்சம் என்று வைப்போம். கையில் 12 இலட்சம். மீதி 18 இலட்சத்துக்கு லீசிங். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பன்னிரண்டு வீதம்தான், நாலு வருடம்" என்கிறார். 18 இலட்சத்துக்கு வருடம் 12 வீதம் என்றால் 2,16,000. நாலு வருடத்துக்கு 8,64,000. மொத்தம் 26,64,000. அதை 48ஆல் பிரித்தால் மாதம் 55,500. கணக்குச் சரிதான். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. மாதாமாதம் நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். மூன்றாம் வருடக் கடைசியில் முதலில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அப்போதும் முழு 18 இலட்சத்துக்குத்தான் 12 வீதம் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு, இருபது வீதத்துக்கும் மேலாகிவிடும்.

இத்தோடு முடியவில்லை. வாரம் 10 லீட்டர் பெற்றோல், லீட்டர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 13,000. வருடாவருடம் இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில். ஒருநாள் பற்றரி போகும், இன்னொரு நாள் டயர். இவற்றுக்கு மாதம் 10,000 ஒதுக்காதவர் பிறகு கடன் வாங்குவார். கூட்டிப் பாருங்கள்: மாதம் 78,500. இப்போது முச்சக்கர வண்டிக்கும் ஸ்கூல் வேனுக்கும் எவ்வளவு போகிறது? 25,000 என்றால், கார் வாங்குவதால் பணம் மிச்சமாகும் என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். வசதிக்காக வாங்குகிறோம், அதற்கு மாதம் 53,500 கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் பிறகு வீட்டில் சண்டை இராது. முடியாது என்று தெரிந்தால் இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளலாம். முச்சக்கர வண்டியில் போவதால் யாருடைய கண்ணியமும் குறைந்துவிடவில்லை.

வட்டியும் வியாபாரமும் ஒன்றா?

சாதாரண லீசிங்கில் இருப்பது வட்டி. அதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தவணை தப்பினால் வட்டிக்கு மேல் வட்டி ஏறும். இன்னும் தப்பினால் ஆட்கள் வந்து வண்டியைச் "சீஸ்" பண்ணிக்கொண்டு போவார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் "அப்சலூட் ஓனர்" என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருப்பது அதற்காகத்தான். கொரோனாக் காலத்தில் தவணைகளைத் தள்ளிப்போட்டுச் சலுகை கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதங்களுக்குரிய வட்டியும் பின்னால் சேர்ந்து வந்ததைப் பலர் கண்டார்கள்.

இதற்கு மாற்று வழி நம் நாட்டில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் அதற்கு இடம் கொடுத்தது. 2011 ஆகஸ்டில் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. வேறு சில நிதி நிறுவனங்களும் தனிப் பிரிவு வைத்து நடத்துகின்றன. காருக்குப் பெரும்பாலும் முராபஹா, இஜாரா என்ற முறைகள். முராபஹா என்றால், வங்கி அந்தக் காரைத் தானே வாங்கி, தன் இலாபத்தைச் சொல்லி, ஒரே விலையாக உங்களுக்குத் தவணைக்கு விற்பது. இஜாராவில் வங்கி காரைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு உங்களுக்கு வாடகைக்கு விடும்.

"மௌலவி, அங்கேயும் மாதம் அதே 55,000 தானே வருகிறது? சில நேரம் கூடவும் வருகிறதே!" இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டுவிட்டேன்! கேட்பது நியாயம்தான். அன்று மக்கத்தவரும் இதையே கேட்டார்கள், வியாபாரமும் வட்டி போலத்தானே என்று. அல்-பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் அதற்குப் பதிலாக இருக்கிறது. தொகை ஒன்றாக இருக்கலாம், கொடுக்கல் வாங்கல் வேறு. முராபஹாவில் ஒரு கணமேனும் கார் வங்கியின் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்நேரம் அது சேதமானால் நட்டம் வங்கிக்கு. விலை ஒருமுறை பேசியபின் கூடாது. தவணை பிந்தினால் அபராதம் போட்டாலும் அது தர்மத்துக்குப் போகவேண்டும், வங்கியின் வருமானத்தில் சேரக்கூடாது.

இதில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரபுப் பெயர் வைத்ததால் மட்டும் ஒப்பந்தம் ஹலாலாகிவிடாது. நீங்களே காரை வாங்கி முடித்து, பணத்தையும் நீங்களே கொடுத்துவிட்டு, பிறகு ஒரு நிறுவனத்தில் போய்க் காசை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முராபஹா என்று பெயரிட்டால், அது காசுக்குக் காசு கொடுத்த கதைதான். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "காரை விற்பவரிடமிருந்து நீங்கள் எப்போது வாங்கினீர்கள்? பற்றுச்சீட்டு யாருடைய பெயரில்?" பதில் தெளிவாக இல்லாவிட்டால் எழுந்து வாருங்கள்.

லீசிங்கே வேண்டாம் என்பவர்களுக்குப் பெண்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் சீட்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் சமமாகப் போட்டு, ஒவ்வொருவராகச் சமமாக எடுப்பது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் வலியுத்தீன் அல்-இராக்கீ இதை ஆகும் என்று சொன்னதாக அல்-கல்யூபீ தமது நூலில் எழுதுகிறார். அதுவும் எப்படி? பெண்களிடையே பிரபலமான வழக்கம் என்றே குறிப்பிடுகிறார். வலியுத்தீன் அல்-இராக்கீ வாழ்ந்தது அறுநூறு வருடங்களுக்கு முன்னர்! கழிவு போட்டு ஏலம் எடுக்கும் சீட்டு வேறு, அது ஆகாது. முழுக் காரையும் சீட்டில் வாங்க முடியாதுதான், ஆனால் இரண்டு மூன்று சீட்டுச் சேர்ந்தால் முற்பணம் பெரிதாகும், தவணை சுருங்கும்.

வளையல் யாருடையது?

இப்போது அந்த 12 இலட்சத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் பதில் ஒன்றுதான், உங்கள் கையிலிருந்தும் கழுத்திலிருந்தும்.

மஹராகக் கிடைத்ததும், வாப்பா போட்டு அனுப்பியதும் உங்கள் தனிச் சொத்து. கணவருக்கு அதில் உரிமை இல்லை. மனம் விரும்பிக் கொடுத்தால் அவர் தாராளமாக அனுபவிக்கலாம். ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதை அன்றைக்கே வாயால் சொல்லிவிட வேண்டும். அன்பளிப்பா? கடனா? அல்லது காரில் பங்கா?

கடன் என்றால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நகையையே கடனாகக் கொடுத்து, அவர் அதை விற்றிருந்தால், அவர் திருப்பித் தர வேண்டியது நகை, அந்த எடைப் பொன். நீங்கள் விற்றுப் பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தால் திரும்ப வருவது அந்தப் பணம் மாத்திரமே. ஒரு சகோதரி 2019இல் ஆறு பவுண் நகையைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை விற்றுக் காருக்கு முற்பணம் கட்டினார். ஐந்து வருடம் கழித்து அன்றைக்கு விற்ற தொகையை எண்ணிக் கொடுத்தார் கணவர். அவர் ஏமாற்றுக்காரரும் அல்ல, கடன் தீர்த்த மகிழ்ச்சியோடுதான் கொடுத்தார். அந்தப் பணத்துக்கு அன்றைய கடையில் இரண்டு பவுணும் வரவில்லை. "நகையைத்தானே கொடுத்தேன்" என்றார் மனைவி. "பணமாகத்தானே பேசினோம்" என்றார் கணவர். எழுத்தில் ஒன்றும் இல்லை, சாட்சியும் இல்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு மாதிரியாக இணக்கம் கண்டோம். ஆனாலும் அந்தத் தங்கச்சியின் முகம் பழையபடி மாற நாளாயிற்று.

திருக்குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கணவன் மனைவிக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்படுகிறோம். அந்நியரான லீசிங் கம்பனிக்கு இருபது இடத்தில் கையெழுத்து வைக்கிறோம். ஒரு கொப்பித் தாளில் "இன்ன திகதி, இத்தனை பவுண், இன்ன முறையில்" என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு, இரண்டு சாட்சியும் வைத்துவிட்டால் போதும். பெரும்பகுதி உங்கள் பணம் என்றால் காரை உங்கள் பெயரிலேயே பதியச் சொல்வதிலும் தவறில்லை.

ஸக்காத்தையும் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பது. சொந்தப் பாவனைக்குரிய காருக்கு ஸக்காத் இல்லை. அணியும் நகைக்கும் நமது மத்ஹபில் இல்லை. ஆனால் கார் வாங்கவென்று அணியாமல் பூட்டி வைத்த பொன் 85 கிராம் அளவை எட்டி ஒரு வருடம் ஆகிவிட்டால் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். முற்பணத்துக்கென்று சேர்த்த காசுக்கும் அப்படியே.

மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்கும் கூத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஒன்று மட்டும் பெண்ணின் பெற்றோர் தெரிந்துகொள்ளட்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளும் கைக்கூலி. அதைத் திருப்பிக் கேட்டுக் காதி நீதிமன்றம் போகப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது. காரும் அசையும் பொருள்தானே! சாவியை மேடையில் கொடுத்துப் படம் பிடிப்பவர்கள், எதற்காகக் கொடுத்தோம் என்பதையும் எழுதி வைக்கட்டும்.

பார்த்து வாங்குவது

பாவித்த காரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஆண்கள் போனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கதவின் அடிவிளிம்பையும் டிக்கிக்குள் ஸ்பெயார் டயர் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலே புதுப் பெயின்ற், கீழே ஓட்டை. கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் வாடை சோப்புப் போட்டாலும் போகாது. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கொஞ்சமா? நம்பிக்கையான ஒரு பாஸுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவருக்கு வேண்டிய பாஸ் வேண்டாம்.

ஹைபிரிட் வெகன் ஆர் என்றால் முன் இருக்கைக்கடியில் சிறிய லித்தியம் பற்றரி ஒன்று இருக்கும். அது எந்த நிலையில் இருக்கிறது, மாற்ற என்ன செலவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாருதிக்கு இந்தக் கவலை இல்லை. பஞ்சிகாவத்தைக்குப் போனால் அதன் எந்தச் சாமானையும் தேடி எடுக்கலாம். அழகில்லை, ஏ.சி. போட்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் குறைந்த வருமானத்தில் நாலு பிள்ளைகளை வளர்ப்பவருக்கு நான் அதையே சொல்வேன்.

கடைசியாக, "ஓபன் பேப்பர்". பெயரை மாற்றாமல், பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கார் கைமாறுவது நம் ஊரில் சர்வசாதாரணம். நாரஹேன்பிட்டி மோட்டார் திணைக்களத்துக்கு அலைய வேண்டியதில்லை, கட்டணமும் மிச்சம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தாத்தாவின் கணவர் அப்படித்தான் ஒரு ஆல்டோவை வாங்கி ஓட்டினார். அவர் மௌத்தானபின் இத்தாவும் முடிந்து, அந்தக் காரை விற்றுப் பிள்ளைகளின் செலவைப் பார்க்க நினைத்தார் அந்தத் தாத்தா. கார் வாசலில் நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, புத்தகத்திலோ இரண்டு கைக்கு முந்திய ஒருவரின் பெயர். வெற்றுப் படிவம் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த மனிதரைத் தேடிக் குருநாகல் பக்கம் மூன்று தடவை போய் வந்தார்கள், நாலாவது தடவைதான் வீட்டில் ஆள் இருந்தது.